பதினான்கு அடிப் படகும் எட்டாம் நம்பர் செப்புக் கம்பியும்

கொடைக்கானல் ஏரிக்கரைப் பங்களா ஒன்றில் கிடந்த இந்தப் பழைய படகைப் பற்றி மூன்று பேர் என்னிடம் மூன்று கதைகள் சொன்னார்கள். பங்களாவின் காவல்காரர், "லெவிஞ்ச் துரை தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த முதல் படகு சார் இது" என்றார்; லெவிஞ்ச் என்பவர் இந்த ஏரியை உண்டாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர். பங்களாவுக்கு இன்றைய சொந்தக்காரரான என் நண்பரோ, அது இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது என்றும், தாத்தா பங்களாவை வாங்கியபோது நாற்காலி மேசைகளோடு சேர்ந்து வந்தது என்றும் சொன்னார். பால் ஊற்ற வரும் பெண்மணி, "சினிமாக்காரர்கள் விட்டுப்போனது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

நான் திண்டுக்கல்லில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். பற்றுச்சீட்டு இல்லாத எதையும் பேரேட்டில் ஏற்றிப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மரவேலை செய்வேன். இரண்டு கட்டில், ஒரு புத்தக அலமாரி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நடைவண்டி என்ற அளவுக்கு. படகை அதுவரை தொட்டதுகூட இல்லை. நண்பர் "விறகுக்குப் போட்டுவிடப் போகிறேன்" என்று சொன்னபோது, கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம் படகின் அழகு அல்ல. அதன் பின்பக்கம் இருந்த ஒரு சாய்மானப் பலகை.

கொடைக்கானல் ஏரிக்கரையில், தண்ணீரிலிருந்து நூறு அடி தூரத்தில், பங்களாவின் பின்புறக் கொட்டகையில் அது கிடந்தது. கொட்டகை என்பது பேச்சுக்குத்தான். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலில் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனபோது, ஒரு கிளை விழுந்து கூரைத் தகடு இரண்டைப் பெயர்த்துவிட்டது. யாரும் மாற்றவில்லை. படகு நிமிர்ந்த நிலையில் இருந்ததால், அடுத்து வந்த எல்லா மழையும் நேராக அதற்குள் இறங்கியது. உள்ளே முழங்கால் உயரத்துக்கு யூக்கலிப்டஸ் இலை மக்கிக் கிடந்தது. அதில் ஒரு பெரணி முளைத்திருந்தது. நல்ல செழிப்பான பெரணி.

இலைகளை வாரிய பிறகு கண்டது இதுதான்: நீளம் பதினான்கு அடி, நடுவில் அகலம் நான்கடி. ஒவ்வொரு பக்கமும் ஒன்பது பலகைகள், எல்லாம் தேக்கு, கனம் அரை அங்குலத்துக்கும் குறைவு. பலகைகள் விளிம்போடு விளிம்பு பொருந்தவில்லை; கூரைக்கு ஓடு வேய்வதுபோல, மேல் பலகை கீழ்ப் பலகையின் விளிம்பை முக்கால் அங்குலம் ஏறி மூடுகிறது. கிளிங்கர் கட்டு என்று இதைச் சொல்வார்கள். வட ஐரோப்பாவின் பழைய முறை. ஆங்கிலேயரின் உல்லாசத் துடுப்புப் படகுகள் பெரும்பாலும் இப்படித்தான் கட்டப்பட்டன. நம் கரைகளில் பலகையைச் சமமாகச் சேர்த்து இடுக்கில் பஞ்சு அடைப்பதுதான் வழக்கம். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் வில்லன்.

சாய்மானப் பலகைக்கு வருகிறேன். பின்பக்கத்தில் ஒருவர் முன்னோக்கி முகம் வைத்து, முதுகு சாய்த்து உட்கார வளைவாக ஓர் இருக்கை. சுக்கானுக்குக் கைப்பிடி இல்லை. அதன் தலையில் குறுக்காக ஒரு பித்தளைச் சட்டம், சட்டத்தின் இரு முனையிலும் கயிறு கட்டத் துளை. அதாவது துடுப்புப் போடுகிறவர் பின்னோக்கி உட்கார்ந்து வியர்வை சிந்த, எதிரே ஒருவர் சாய்ந்துகொண்டு இரண்டு கயிற்றை மடியில் வைத்துப் படகைத் திருப்பலாம். வலது கயிற்றை இழுத்தால் வலப்பக்கம், இடதை இழுத்தால் இடப்பக்கம். மீன் பிடிக்கவோ சுமை ஏற்றவோ கட்டிய படகு அல்ல. ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போவதற்காகக் கட்டியது. அதை விறகாக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் வேலை பலகையைத் தொடுவதல்ல, தொடாமல் இருப்பது. பழைய படகு தன் வடிவத்தை இழந்து விரிந்துபோயிருக்கும். எதையாவது கழற்றினால் முழுதும் மலர்ந்துவிடும். ஆகவே அடியில் மணல் மூட்டை கொடுத்து, ஏராவை, அதாவது அடிமரத்தை, நூல் பிடித்து நேராக்கினேன். முன், நடு, பின் என்று மூன்று இடங்களில் உட்புற வளைவை அட்டையில் வெட்டி எடுத்து, இடமும் வலமும் ஒப்பிட்டேன். நடுவில் இடப்பக்கம் ஒன்றே கால் அங்குலம் வெளியே தள்ளியிருந்தது. கயிற்றைக் குறுக்கே கட்டி, குச்சியைச் செருகி முறுக்கி, ஒரு நாளைக்குக் கால் அங்குலத்துக்கும் குறைவாக இழுத்து வந்தேன். காய்ந்த மரத்தை ஒரே நாளில் இழுத்தால் வெடிக்கும். ஆறு நாள் வேலைக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. நடுவில் திண்டுக்கல் போய் இரண்டு பேருக்கு வரிக் கணக்கு முடித்துக் கொடுத்தேன்.

அடுத்தது சாயம். ஐந்து அடுக்கு இருந்தது. மேலே நீலம், அதன் கீழே வெள்ளை, மறுபடி நீலம், பச்சை, எல்லாவற்றுக்கும் அடியில் வெறும் வார்னிஷ். இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டுச் சாயத்தில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எந்தச் சாயத்தையும் ஈயம் கலந்தது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வெப்பக் காற்றால் உருக்காதீர்கள். காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். நான் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினேன், முகமூடி போட்டுக்கொண்டேன், சுரண்டியதைத் தார்ப்பாயில் சேகரித்து மூட்டை கட்டினேன். காவல்காரரின் பேரன் எட்டிப் பார்க்க வரும்போதெல்லாம் விரட்டினேன். அந்தப் பையன் என்னைக் கஞ்சன் என்று நினைத்திருப்பான்.

சுரண்டும்போதுதான் படகு பேச ஆரம்பித்தது.

இருக்கையைத் தாங்கும் முட்டுகளில் இருந்த திருகாணிகள் பித்தளை. பெரும்பாலானவற்றின் தலையில் ஒற்றைக் கீறல். ஆனால் முனைமரத்தை மேல் பலகையோடு பிணைக்கும் முட்டில் இருந்த நான்கும் கூட்டல் குறித் தலை கொண்டவை. அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் இந்த வகைத் திருகாணிக்குக் காப்புரிமை பெற்றது 1936இல். பின்னால் யாராவது மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். நான்கையும் கழற்றிப் பார்த்தேன். அவற்றின் துளைக்குள் வேறு பழைய துளையின் தடம் இல்லை. தலைகளின் மேல் அடிவார்னிஷ் அப்படியே உறைந்திருந்தது. படகு கட்டியபோது போட்டவைதான் அவை. லெவிஞ்ச் கதை அங்கேயே மூழ்கிப்போனது.

அந்தக் கதைக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மதுரைக் கலெக்டராக இருந்த சர் வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைக்குக் கரை எழுப்பி இந்த ஏரியை உண்டாக்கினார், தன் கைப்பணத்தையும் போட்டார், முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பது கொடைக்கானல் வரலாறு சொல்கிற செய்தி. அது எப்படி மேலே வந்திருக்கும் என்று யோசித்தால்தான் மலைப்பாக இருக்கிறது. அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்ததே 1875இல். வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் ஏறும் சாலை 1910களில்தான் திறந்தது. அதுவரை பெரியகுளத்துப் பக்கமிருந்து கூலிக்காட் என்ற ஒற்றையடிப் பாதை. துரைமாரையே நாற்காலியில் வைத்து ஆட்கள் சுமந்த பாதை. சுமைக்குப் பெரும்பாலும் மாட்டுவண்டியும் மனிதத் தோளும்தான். 1890இல் படகுக் கழகம் தோன்றியது. 1932 மே மாதத்திலிருந்து வெளியாரும் பயணிகளும் கழகத்தின் படகுகளில் போகலாம் என்றாயிற்று. அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் இந்தத் தண்ணீரின் மேல் உல்லாசமாகப் போனவர்களையும், அவர்களின் படகைத் தூக்கி ஏற்றியவர்களையும் ஒரே படகில் பார்த்திருக்க முடியாது.

இங்கிலாந்துக் கதையை மூழ்கடித்தது ஒரு பென்சில். இடப்பக்கம் இருக்கையைத் தாங்கும் நீளச் சட்டத்தைப் பெயர்த்தபோது, வெளிச்சமே படாத பலகைப் பரப்பில் "இடது தலை 2" என்று எழுதியிருந்தது. தச்சர்கள் பலகைக்குப் போடும் அடையாளம். தமிழ் தெரிந்த கை. அதிலும் அந்த "லை" பழைய லை. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் நாமெல்லாம் யானைத் தும்பிக்கை போட்டு எழுதிய லை. சீர்திருத்தத்துக்குப் பிறகும் பழைய வழக்கத்தை விடாதவர்கள் உண்டு, என் அப்பாவே கடைசிவரை அப்படித்தான் எழுதினார். இருந்தாலும் கை எந்தத் தலைமுறை என்று தெரிந்துவிட்டது. அடிப்பலகை வரிசைக்கும் ஏராவுக்கும் இடையிலிருந்து, நிலக்கடலைத் தோலோடும் இரண்டு கொண்டை ஊசியோடும், சதுரமான ஐந்து நயா பைசா ஒன்றும் கிடைத்தது. நயா பைசா என்று பொறித்த காசு 1957 முதல் 1960களின் முற்பகுதிவரைதான் அடித்தார்கள். யாரோ ஒருவர் சட்டைப் பையிலிருந்து நழுவவிட்டிருக்கிறார்.

ஆக, 1936க்குப் பிறகு, ஆங்கிலேய வடிவத்தை அளந்து பார்த்து ஒரு தமிழ்த் தச்சர் கட்டிய படகு. பேரேட்டில் ஏறுவது இவ்வளவுதான். ஒரே ஒரு உபரிக் கணக்கு: துடுப்பு மாட்டும் பித்தளைக் கொண்டிகளின் தட்டில் ஆறாறு துளைகள், மூன்றில்தான் திருகாணி. மற்ற மூன்றுக்கும் கீழே மரத்தில் துளையே இல்லை. கொண்டிகளின் உட்புறம் தேய்ந்த தேய்மானமும் இந்தப் படகின் மற்ற பாகங்களைவிட மூத்தது. ஒரு பழைய படகு செத்து, தன் பித்தளையை இதற்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. காவல்காரரிடம் இதைச் சொன்னபோது, "அதுதான் சார் லெவிஞ்ச் துரை படகு" என்று விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

இதற்குமேல் எனக்குத் தனியாகத் தெம்பில்லை. தூத்துக்குடியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகளில் ஐம்பது ஆண்டுகள் வேலை பார்த்த ஓர் ஓடாவியை, நண்பரின் நண்பர் வழியாகப் பிடித்தேன். படகு கட்டும் தச்சருக்கு அந்தக் கரையில் ஓடாவி என்று பெயர். எழுபத்தொரு வயது. மலைக்கு அவர் வந்தது அதுவே முதல் தடவை. பேருந்திலிருந்து இறங்கியதும் குரங்குக் குல்லா வாங்கி மாட்டிக்கொண்டவர், திரும்பிப் போகும்வரை கழற்றவில்லை. நான் அவரை அண்ணாச்சி என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். எனக்கு ஐம்பத்தெட்டு.

அண்ணாச்சி படகை இரண்டு முறை சுற்றிவந்தார். விரல் முட்டியால் பலகைகளைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் டங்கென்றது, உளுத்தது பொத்தென்றது. "மழைத் தண்ணீர் தின்றிருக்கிறது தம்பி. கடலில் கிடந்திருந்தால் புழு தின்றிருக்கும், ஆனால் இப்படி உளுத்திருக்காது" என்றார். பிறகு விளக்கினார். மரத்தை உளுக்க வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தால் காற்று இல்லை. உப்பு ஏறிய மரத்தில் பூஞ்சை சுலபமாகப் பிடிக்காது. கூரை ஓட்டையிலிருந்து சொட்டி, நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிற நல்ல தண்ணீர்தான் படகுக்கு எமன். தோணிக்காரர்கள் மேல்தளத்தில் உப்பைத் தூவி வைப்பார்கள் என்றும் சொன்னார். அப்படியானால் ஏரிக்குள் மூழ்கடித்து வைத்திருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்குமா என்று கேட்டேன். "இருந்திருக்கும்" என்றார்.

பிறகு இடப்பக்கம் குனிந்தவர் நிமிரவே இல்லை. பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடுக்குகளில், நான்கு வரிசையில், பஞ்சு அடைத்திருந்தது. கொக்கியால் ஒரு துண்டை இழுத்து முகர்ந்தார். முறுக்கிய பஞ்சுத் திரி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசியது. "கலப்பத்து அடித்திருக்கிறான். எங்கள் ஊர்க் கை தம்பி இது" என்றார்.

கலப்பத்து என்பது பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து உளியால் அடித்து இறுக்குவது. விளிம்போடு விளிம்பு சேரும் தோணிக்கு அது உயிர். கிளிங்கர் படகுக்கு அது விஷம். ஏறி மூடும் பலகைகள் தண்ணீரில் ஊறிப் பருத்து ஒன்றையொன்று அழுத்தித் தாமே நீரை அடைக்க வேண்டும். நடுவில் பஞ்சைத் திணித்தால் அது ஆப்பு. படகு தண்ணீரில் இறங்கியதும் மரமும் பருக்கும், பஞ்சும் பருக்கும். இரண்டு பலகையும் விலகும். அவற்றைப் பிணைக்கும் செப்பு ஆணி மரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். உள்ளே குறுக்காக ஓடும் வங்குகள், அதாவது விலாச் சட்டங்கள், இழுபட்டு உடையும். மொத்தம் இருபத்திரண்டு வங்குகளில் ஒன்பது உடைந்திருந்தன. ஒன்பதும் பஞ்சு அடைத்த வரிசைகளுக்கு நேர் உள்ளே. அந்த இடப்பக்கம்தான் ஒன்றே கால் அங்குலம் வெளியே தள்ளியிருந்தது.

அதன் பிறகு வேறொருவர் வந்திருக்கிறார். பிரிந்த பலகையை அவர் இரும்பு ஆணியால் பிடித்திருக்கிறார். ஈரத் தேக்கில் செம்புக்குப் பக்கத்தில் இரும்பு வைத்தால் இரும்பு அரித்துப்போகும். ஆணியைச் சுற்றி மரம் கருத்துக் கரியாகிவிடும். அப்படியே ஆகியிருந்தது. அவருக்கும் பிறகு ஒருவர் இரண்டடிக்கு ஓரடி ஃபைபர் கிளாஸ் ஒட்டு ஒன்றைப் போட்டிருக்கிறார். தேக்கின் எண்ணெய்ப் பசையில் அந்தப் பிசின் நன்றாக ஒட்டுவதில்லை. ஓரம் பெயர்ந்து, உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல், ஒட்டுக்குப் பின்னால் பலகை ஈரப் புகையிலை மாதிரி ஆகியிருந்தது. விரலை விட்டால் உள்ளே போனது.

கூரை பெயர்ந்த பிறகு பெய்த மழை செய்த கேடு பெரிதுதான். ஆனால் அதற்கு முன்பே மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, இதைக் காப்பாற்றப் பார்த்துக் கொன்றிருக்கிறார்கள். கடைசியில் கொட்டகைக்குள் தள்ளப்பட்டது அந்தக் காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். கசிகிற உல்லாசப் படகில் யாரும் உல்லாசமாகப் போகமாட்டார்கள். நான் இதை எரிச்சலோடு சொன்னபோது அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. "செய்தவனைக் குறை சொல்லாதே. தோணிக்கு இதுதான் சரியான வேலை, சுத்தமாகச் செய்திருக்கிறான். இது தோணி இல்லை என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?" பஞ்சை எல்லாம் பிடுங்கி எடுக்க அவருக்கு இரண்டு நாள் ஆனது. வேறு யாரையும் தொட விடவில்லை.

பலகை மாற்றியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஒன்று, மொத்தம் நான்கு. பழைய வீட்டை இடித்த இடத்தில் வாங்கிய தேக்கு உத்தரத்தை அறுத்தோம். பழைய பலகையையே அச்சாக வைத்து வரைந்து வெட்டுவதுதான் சுலபம், ஆனால் அது சுருங்கியிருக்கும், ஆகவே அகலத்தில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கூட்டினோம். முழுப் பலகை கிடைக்காத இடத்தில் இரண்டு துண்டைச் சரிவாகச் சீவிச் சேர்த்தோம்; சரிவின் நீளம் பலகைக் கனத்தைப் போல எட்டு மடங்கு.

வங்குகளுக்குத்தான் பாடுபட்டோம். முக்கால் அங்குல அகலம், அரை அங்குலக் கனம், படகின் வயிற்றுக்கு ஏற்ப வளைய வேண்டும். தேக்கு ஆவிக்கு அவ்வளவு நன்றாக வளையாது, முறியக்கூடும். அண்ணாச்சி பழக்கப்பட்ட தோணி வங்கு இயற்கையாகவே வளைந்த கருவேலங் கிளை. அது இந்தச் சிறிய படகுக்குப் பருமன். நான் ஹாக்கி மட்டையை நினைத்துக்கொண்டேன். நம் நாட்டில் மட்டை வளைப்பது மல்பெரி மரத்தில். பட்டுப்புழுக்காரர்களிடம் இருப்பது இடுப்பளவுச் செடி. ஆனால் தேனிப் பக்கம் ஒரு தோட்டத்து வேலியில் பழைய மல்பெரி மரமே கிடைத்தது. வெட்டிய வாரமே சட்டமாக அறுத்து ஈரச் சாக்கில் சுற்றி மேலே கொண்டுவந்தோம். உலர்ந்த மரத்தைவிடப் பச்சை மரம் நன்றாக வளையும்.

ஆவிப் பெட்டிக்கு முதலில் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை வைத்தேன். இருபது நிமிடத்தில் அது முருங்கைக்காய் போலத் தொங்கிவிட்டது. பிறகு பலகையில் ஒரு நீளப் பெட்டி அடித்து, கல்யாண வீட்டு இட்லிப் பானையிலிருந்து ரப்பர் குழாய் வழியாக ஆவியை விட்டோம். பெட்டியை இறுக்கி மூடக்கூடாது. மறுமுனையில் ஒரு துளை வேண்டும், இல்லாவிட்டால் அது குண்டு. கனம் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தச்சர் கணக்கு. அப்படியானால் இதற்கு அரை மணி. அரை மணியில் எடுத்த முதல் சட்டம் பாதி வளைவில் முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. அண்ணாச்சி என் மரத்தைச் சந்தேகித்தார், நான் அவர் கையைச் சந்தேகித்தேன்.

விடையைச் சொன்னவர் எங்களுக்குச் சமைத்துப்போட்ட அம்மாள். "இங்கே பருப்பே ஒரு மணி நேரம் வேகும், மரம் எப்படி அரை மணியில் வேகும்?" ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, ஆவியின் சூடும் அவ்வளவுதான். ஐம்பது நிமிடம் வைத்தோம். மூன்றாவது சட்டம் வடகம் மாதிரி வளைந்தது. பெட்டியிலிருந்து எடுத்தால் அரை நிமிடம்தான் அவகாசம்: ஒருவர் ஏராவின் மேல் மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் இரண்டு முனைகளையும் இழுத்துப் பலகையோடு அழுத்தி இடுக்கி போட வேண்டும். ஒன்பது வங்குக்கு ஒரு பகலும், எனக்கு இரண்டு கொப்புளமும் ஆயின.

கிளிங்கர் படகின் செப்பு ஆணி வெறும் ஆணி அல்ல, தறையாணி. வெளியிலிருந்து உள்ளே அடித்து, நுனியில் ஒரு செப்பு வில்லையைக் கோத்து, மிச்சத்தை வெட்டிவிட்டு, நுனியைத் தட்டி வில்லையின்மேல் குடையாக விரிக்க வேண்டும். இந்த ஆணி கடையில் கிடைக்கவில்லை. வீட்டுக்கு எர்த் போடும் எட்டாம் நம்பர் செப்புக் கம்பியை வாங்கினேன்; நான்கு மில்லிமீட்டர் பருமன், சரியாக இருந்தது. ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு வெட்டி, பட்டறைக் குறட்டில் பிடித்து ஒரு முனையைத் தட்டித் தலை செய்தேன். வில்லைக்கு மதுரைப் பாத்திரக் கடையில் வாங்கிய செப்புத் தகடு. தட்டத் தட்டச் செம்பு விறைத்துவிடும். ஆகவே இரண்டையும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட வேண்டும். எஃகை அப்படிச் செய்தால் கடினமாகும், செம்போ மெழுகாக இளகும். பள்ளியில் படித்ததுதான், கையில் உணர்ந்தபோதுதான் நம்பினேன்.

தறைவதற்கு இருவர் வேண்டும். வெளியே ஆணித் தலையில் ஒருவர் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க, உள்ளே ஒருவர் தட்ட வேண்டும். கனமான இரும்பாக நாங்கள் வைத்துக்கொண்டது காய்கறிக்கடைக்காரர் கொடுத்த இரண்டு கிலோ எடைக்கல். ஓங்கி அடித்தால் ஆணி மரத்துக்குள் வளைந்துவிடும். சின்னச் சுத்தியால் பத்துப் பன்னிரண்டு தட்டு, அவ்வளவே. மொத்தம் 312 தறையாணிகள். முதல் நாற்பதில் பதினொன்றைப் பிடுங்கி மறுபடி அடித்தோம். இருநூறைத் தாண்டியபோது சத்தத்தை வைத்தே இது நன்றாக உட்கார்ந்தது, இது உட்காரவில்லை என்று சொல்ல முடிந்தது. அண்ணாச்சி வெளியே கல்லைப் பிடித்துக்கொண்டு, பார்க்காமலே "அதை மாற்று" என்பார்.

இடுக்குகளில் எதையும் வைக்கவில்லை. பஞ்சு இல்லை, பசை இல்லை. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து மூன்று முறை. கொடைக்கானல் குளிரில் ஒவ்வொரு பூச்சும் காய ஐந்து நாள். அந்த எண்ணெய் துடைத்த துணியை உருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள். வெளியே நீலமும் உள்ளே வார்னிஷும் அடித்தோம். நீலம் நண்பரின் விருப்பம். எனக்கு அடியில் கண்ட பச்சைதான் பிடித்திருந்தது, ஆனால் படகு என்னுடையது அல்ல.

செலவை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மரம் 11,400 ரூபாய், செம்பு 3,900, எண்ணெயும் சாயமும் 4,200, அண்ணாச்சிக்குப் பதினெட்டு நாள் கூலியாக 27,000, போக்குவரத்தும் சாப்பாடும் 6,300. உடைந்த இரண்டு வங்கையும் தொங்கிப்போன குழாயையும் என் சொந்தக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

ஏரியில் இறக்குவதற்கு முன் ஊறவைக்க வேண்டும். கொட்டகைக்குப் பக்கத்தில் சரிவான பள்ளத்தில் தார்ப்பாய் விரித்து நீர் நிரப்பி அதில் படகை வைத்தோம். ஒரு மணி நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம். நண்பர் முகம் வெளுத்துவிட்டது. அண்ணாச்சி டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் இறைத்துவிட்டுப் பார்த்தபோது நிரம்ப அரை நாள் ஆனது. ஆறாம் நாள் காலையில் அடிப்பலகை நனைந்திருந்தது, அவ்வளவுதான். பலகைகள் ஊறிப் பருத்து, ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டன. அந்த ஒரு வாரமும் இரவில் எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். காவல்காரரும் பார்த்திருக்கிறார்.

அனுமதி வாங்கி, கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஆறு பேர் தூக்கி இறக்கினோம். ஏரி மேல் பனிப்புகை அரையடி உயரத்தில் நின்றது. அண்ணாச்சியைச் சாய்மானப் பலகையில் உட்காரச் சொன்னேன். "அது முதலாளி உட்காருகிற இடம்" என்று மறுத்தார். ஐம்பது ஆண்டுகள் தோணி கட்டியவர் ஒருமுறைகூடப் படகில் சும்மா உட்கார்ந்து போனதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வற்புறுத்தி உட்கார வைத்து, இரண்டு கயிற்றையும் கையில் கொடுத்தேன். நான் துடுப்பை எடுத்தேன்.

பத்து வீச்சில் படகு கரைக்கே திரும்பிவிட்டது. மறுபடி முயன்றேன், மறுபடியும் இடப்பக்கமாக வளைந்தது. அண்ணாச்சி வலது கயிற்றை முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தார், குல்லாவுக்கு வெளியே நெற்றி வியர்த்தது. துடுப்பைத் தூக்கி ஒப்பிட்டேன். கிடைத்த இரண்டு துடுப்புகளில் ஒன்று இவ்வளவு காலம் காவல்காரர் வீட்டில் துணி காயப்போடும் கழியாக இருந்தது. வாசலில் இடிக்கிறதென்று ஏழு அங்குலம் அறுத்திருக்கிறார். படகு முழுக்க நூல் பிடித்து அளந்த நான் அதை அளக்கவே இல்லை.

இப்போது வெண்தேக்கில் எட்டடிக் கழி ஒன்று சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வருகிறது.